தாலியில்லாத குடித்தனம்: சட்டம் எதைப் பார்க்கிறது?

திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாக ஒரு செய்தி வருகிறது. சில வாரங்களில், அப்படி வாழ்ந்த பெண்ணுக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று இன்னொரு செய்தி. உத்தராகண்டில் சேர்ந்து வாழ்வதைப் பதிவு செய்யாவிட்டால் சிறை என்கிறார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோ, மணப்பதாகச் சொல்லி ஏமாற்றி உறவு கொண்டால் பத்தாண்டு வரை தண்டனை என்கிறது. இவற்றை அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, சட்டம் இந்த உறவை ஏற்கிறதா விலக்குகிறதா என்றே தெரியாமல் போகிறது.

இந்தச் செய்திகள் ஒன்றையொன்று மறுப்பவைபோலத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்குக் கிடைத்த பதில். குற்றமா என்பது ஒரு கேள்வி. அடித்தால் யார் காப்பாற்றுவார் என்பது வேறு கேள்வி. இறந்துபோனால் வீடு யாருக்கு என்பது முற்றிலும் வேறு. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் ஓடும் இழை ஒன்று உண்டு: இருவரும் ஒன்றாக வாழ்ந்தார்கள் என்பதை யார், எப்போது, எதை வைத்து மெய்ப்பிப்பது?

முதலில் சொற்கள்

ஐந்து சொற்களைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. திருமணம்: சட்டம் ஏற்கும் சடங்கோ அறிவிப்போ நடந்த உறவு. இந்துக்களுக்கு 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மதம் சாராமல் மணப்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் என ஒவ்வொன்றுக்கும் தனி வழி உண்டு.

2. திருமணப் பதிவு: நடந்த திருமணத்துக்கான சான்று. இந்து திருமணச் சட்டத்தின்கீழ், சடங்கே நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது திருமணம் ஆகாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் மட்டும் பதிவாளர் முன் நடப்பதே திருமணம்.

3. செல்லாத திருமணம்: சடங்கு நடந்திருக்கும், ஆனால் சட்டம் ஏற்காது. முதல் மனைவி உயிரோடிருக்க, விவாகரத்து பெறாமல் செய்துகொண்ட இரண்டாம் மணம் இதற்கு வழக்கமான உதாரணம்.

4. சேர்ந்து வாழ்தல்: சடங்கும் இல்லை, பதிவும் இல்லை. லிவ்-இன் என்று பேச்சில் வழங்குவது இதுதான்.

5. திருமணத்தை ஒத்த உறவு: மேலே சொன்ன சேர்ந்து வாழ்தலுக்குள் அடங்கும் ஒரு சிறு பகுதி. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அறிமுகப்படுத்திய சொல்.

செய்திகளில் நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சேர்ந்து வாழும் எல்லாரும் சட்டத்தின் கண்ணில் திருமணத்தை ஒத்த உறவில் இருப்பவர்கள் இல்லை.

சடங்கு எதற்காக வந்தது?

தமிழில் இதற்கு மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்கிறது தொல்காப்பியக் கற்பியல். கரணம் என்றால் மணச்சடங்கு. ஐயர் என்பது இங்கே சமூகத்தின் பெரியோர். களவில், அதாவது ஊரறியாக் காதலில், கூடிய தலைவன் பின்னால் பொய் சொல்லவும் கைவிடவும் தொடங்கியதால்தான் பெரியவர்கள் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்பது இதன் பொருள். கொடுப்பவர்கள் இல்லாமல், உடன்போக்கில், அதாவது வீட்டைவிட்டுச் சேர்ந்து சென்ற இணைக்கும் கரணம் உண்டு என்றும் அதே இயல் சொல்கிறது. பெற்றோர் சம்மதம் இல்லாவிட்டாலும் சான்று வேண்டும் என்பது அங்கே உறுதியாக இருக்கிறது.

சட்ட வரலாறும் இந்தத் தடத்தில்தான் போகிறது. சடங்கு நடந்ததா என்று காட்ட முடியாத இணைகள் நீதிமன்றம் வந்தபோது, நீதிபதிகள் ஒரு அனுமானத்தைக் கையாண்டார்கள்: ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக நெடுங்காலம் வாழ்ந்திருந்தால், அவர்கள் முறைப்படி மணந்தவர்கள் என்றே கொள்ள வேண்டும், இல்லை என்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். இலங்கையிலிருந்து, அன்றைய பிரிட்டிஷ் காலனிகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் வழக்கில் 1881ஆம் ஆண்டிலேயே இந்த விதி உறுதியானது. இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1978இல் இதை மீண்டும் நிலைநாட்டினார். ஏறத்தாழ 50 ஆண்டுகள் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களிடம் போய், அரை நூற்றாண்டுக்கு முந்தைய சடங்குக்குச் சாட்சி கொண்டு வா என்று கேட்டால் யாராலும் கொண்டுவர முடியாது என்பது அவர் காட்டிய நியாயம். 2022 ஜூனில் கேரளக் குடும்பச் சொத்து வழக்கு ஒன்றிலும் இதே அனுமானம்தான் ஒரு மகனுக்குப் பங்கு பெற்றுத் தந்தது.

இந்த அனுமானத்தின் எல்லை பலருக்குத் தெரிவதில்லை. அது திருமணம் நடந்திருக்கும் என்று ஊகிக்கிறது. சடங்கு நடந்து சான்று தொலைந்தவர்களையும், ஊரார் கண்ணுக்குத் தம்பதியாகவே தெரிந்தவர்களையும் அது காப்பாற்றும். "நாங்கள் மணந்துகொள்ளவில்லை, மணந்துகொள்ளவும் விரும்பவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லி வாழும் இணைக்கு அது எதுவும் தராது. அவர்கள் வாய்மொழியே அனுமானத்தை உடைத்துவிடும். இன்றைய சிக்கல் முழுவதும் இந்த இடத்தில் பிறக்கிறது. பழைய சட்டம் மணந்தவர்களைத் தேடியது. இன்று அதன் முன் வந்து நிற்பவர்கள் மணக்காதவர்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி அனுபவம் உண்டு. புரோகிதரும் வேள்வித்தீயும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாலை மாற்றி, ஊர் கூட வாழ்த்தி, பிள்ளை பெற்று வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அந்தத் தீர்ப்பின்படி வெறுமனே சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஆனார்கள். அண்ணாதுரை அரசு 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும் என்றது அது. அதற்கு முன் அந்த முறையில் நடந்த திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றும் அறிவித்தது. அந்த வீடுகளில் ஒரு பாத்திரம்கூட இடம் மாறவில்லை. சட்டம் எதைச் சான்றாக ஏற்றது என்பது மாறியது, அவ்வளவில் அவர்கள் கணவன் மனைவி ஆனார்கள். இத்தகைய திருமணத்துக்குப் பகிரங்க விழா தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி தளர்த்தியது.

குற்றமா?

இல்லை. இதில் ஐயத்துக்கு இடமில்லை. வயது வந்த இருவர் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்வது, சிலர் பார்வையில் ஒழுக்கக்கேடாக இருந்தாலும், குற்றமாகாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நடிகை குஷ்பு 2005இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்ன கருத்துக்காக அவர் மீது தொடரப்பட்ட 23 குற்றப் புகார்களை 2010 ஏப்ரலில் ரத்து செய்தபோதும் இதையே மீண்டும் சொன்னது. ஆணுக்குத் திருமண வயதான 21 நிறையாவிட்டாலும், 18 கடந்த இருவர் சேர்ந்து வாழும் உரிமை உடையவர்கள் என்பது 2018இன் தீர்ப்பு. பதினெட்டுக்குக் கீழே என்றால் கதை வேறு. அங்கே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும், சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒருவர் ஏற்கெனவே மணமானவர் என்றால்? பிறன்மனைக் குற்றத்தைத் தண்டித்த, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு 2018 செப்டம்பரில் நீக்கப்பட்டது. எனவே சிறை இல்லை. ஆனால் அது விவாகரத்துக்குக் காரணமாகும். இரண்டாவதாக முறைப்படி மணந்தால் இருதாரக் குற்றமும் ஆகும்.

2005இன் சட்டம் திறந்த கதவு

2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனைவிக்கு மட்டும் என்று இல்லாமல், ஒரே வீட்டில் "திருமணத்தை ஒத்த உறவில்" வாழும், அல்லது வாழ்ந்த பெண்ணுக்கும் பாதுகாப்பைத் தந்தது. அடிப்பதைத் தடுக்கும் ஆணை, வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது என்ற ஆணை, செலவுக்குப் பணம், பிள்ளையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை, இழப்பீடு ஆகியவற்றை அவர் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். வீடு ஆணின் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையை அவர் கோர முடியும். இந்திய நாடாளுமன்றம் திருமணத்துக்கு வெளியே உள்ள ஓர் உறவுக்கு இவ்வளவு தெளிவாக உரிமை கொடுத்தது அதுவே முதல் முறை என்பதால், இந்தச் சட்டத்தின் முக்கியத்துவத்தை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

ஆனால் அந்த மூன்று சொற்களுக்குச் சட்டம் விளக்கம் தரவில்லை. விளக்கத்தை நீதிமன்றங்கள்தான் தேடிச் செய்ய வேண்டியிருந்தது.

கோயம்புத்தூர் குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கில், 2010 அக்டோபர் 21 அன்று உச்ச நீதிமன்றம் சில நிபந்தனைகளை விதித்தது:

1. இருவரும் சமூகத்தின் முன் கணவன் மனைவி போல் தங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.
2. இருவருக்கும் திருமண வயது நிறைந்திருக்க வேண்டும்.
3. மணமாகாதவர்களாக இருப்பது உட்பட, சட்டப்படி மணந்துகொள்ளும் தகுதி இருவருக்கும் இருக்க வேண்டும்.
4. விருப்பத்தோடு, கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.
5. அந்த வாழ்க்கை ஒரே வீட்டில் நடந்திருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனை ஊசிமுனை போன்றது. ஆண் தனக்கு ஏற்கெனவே மணமானதை மறைத்திருந்தால், அவன் சொன்ன பொய்க்கான விலையைப் பெண் கொடுக்க நேரும். அதே தீர்ப்பு பணத்துக்காக வைத்துக்கொள்ளப்பட்ட பெண்களைக் குறிக்க இழிவான ஆங்கிலச் சொல் ஒன்றைப் பயன்படுத்தியது. அது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. கண்டனம் நியாயமானது என்றே கருதுகிறேன்.

2013 நவம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு அளவுகோலைச் சற்று விரித்தது. உறவின் காலம், ஒரே வீடு, பணத்தைப் பொதுவாகக் கையாண்ட விதம், வீட்டு வேலைகளின் பங்கீடு, உடலுறவு, பிள்ளைகள், உற்றார் நண்பர்களிடையே பழகிய விதம், இருவரின் நோக்கமும் நடத்தையும் என எட்டு அம்சங்களைப் பார்க்கச் சொன்னது. சேர்ந்து வாழ்வது குற்றமும் இல்லை, பாவமும் இல்லை என்றும் எழுதியது. ஆனால் ஆண் மணமானவர் என்று அறிந்தே அந்தப் பெண் உறவில் நுழைந்ததால், அவருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று முடித்தது. சட்டப்படியான மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அநீதி நேரக் கூடாது என்பது நீதிமன்றம் கண்ட காரணம். அதே சமயம், இத்தகைய உறவுகளில் கைவிடப்படும் ஏழைப் பெண்களுக்காகச் சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்றத்தையும் கேட்டுக்கொண்டது. மத்தியில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை.

அந்த எட்டு அம்சங்களையும் ஒரு சாதாரணக் குடும்பத்தோடு பொருத்திப் பாருங்கள். கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், உறவினர் விசேஷங்களில் சேர்ந்து எடுத்த புகைப்படம் ஆகியவை சம்பாதிப்பவரிடமும் வெளிப்படையாக வாழ முடிந்தவரிடமும் எளிதில் இருக்கும். சாதி காரணமாகவோ குடும்ப மிரட்டல் காரணமாகவோ உறவை மறைத்து வாழ்ந்தவரிடம் இவற்றில் ஒன்றுகூட இருக்காது. பாதுகாப்பு மிக அதிகமாகத் தேவைப்படுபவரிடம்தான் சான்று மிகக் குறைவாக இருக்கிறது.

ஜீவனாம்சம்: ஒரே மாதத்தில் இரண்டு குரல்கள்

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு "மனைவி"க்கு ஜீவனாம்சம் தந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144ஆம் பிரிவு. நெடுங்காலம் மனைவி போல் வாழ்ந்த பெண்ணையும் இந்தச் சொல்லில் சேர்க்க வேண்டும் என்று குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்துக்கான மலிமத் குழு 2003இல் பரிந்துரைத்தது. 2010 அக்டோபர் முதல் வாரத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு அதே கருத்தைக் கொண்டு, விஷயத்தைப் பெரிய அமர்வுக்கு அனுப்பப் பரிந்துரைத்தது. இரண்டே வாரத்தில் இன்னோர் அமர்வுதான் மேலே சொன்ன கோவை வழக்கில் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. அன்று விழுந்த முடிச்சுதான் இன்றும் ஒரு நீதிமன்றம் தர, இன்னொன்று மறுக்கக் காரணம். 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறை வழியைக் காட்டியது: மனைவி என்று மெய்ப்பிக்க முடியாத பெண், 2005ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் பொருளாதார உதவி கேட்கலாம், அதில் கிடைப்பது 125ஆம் பிரிவில் கிடைப்பதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

எது கிடைக்காது?

1. வாரிசுரிமை: உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மனைவியையும் பிள்ளைகளையும் தாயையும் முதல் வகுப்பு வாரிசுகளில் வைக்கிறது. முப்பது ஆண்டு உடன் வாழ்ந்த துணைக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. நீதிமன்றம் போய்த் திருமண அனுமானத்தை நிலைநாட்டினால்தான் உண்டு.

2. வருங்கால வைப்பு நிதி: திட்டம் வரையறுக்கும் குடும்ப உறுப்பினர் ஒருவர் இருந்தால், வெளியாரை நியமித்தது செல்லாது. அந்த வரையறையில் துணை "வெளியார்".

3. தத்தெடுப்பும் வாடகைத்தாய் முறையும்: இணையாகத் தத்தெடுக்க, குறைந்தது இரண்டாண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும். 2021ஆம் ஆண்டின் வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டமும் இணை என்றால் மணமான இணை என்றே கொள்கிறது.

4. ஆணுக்கான பாதுகாப்பு: 2005ஆம் ஆண்டின் சட்டம் பெண்களுக்கானது. சேர்ந்து வாழ்ந்து கைவிடப்பட்ட, அல்லது வன்முறைக்கு ஆளான ஆணுக்கு அதில் வழி இல்லை.

நாமினி என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. வங்கிக் கணக்கில் துணையை நாமினியாகப் போட்டுவிட்டால் பணம் அவருக்கே என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் நாமினி பணத்தைப் பெற்று உரிய வாரிசிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பாளர் மட்டுமே. வாரிசுகள் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான்.

பிள்ளைகள்

செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளும் முறையான பிள்ளைகளே என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. பெற்றோரின் சொத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு. கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் தந்தைக்குச் சேரும் பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. தாத்தாவின் சொத்தில் நேரடியாகப் பங்கு கேட்க முடியாது. ஆனால் 16ஆம் பிரிவு பேசுவது, செல்லாததாக இருந்தாலும் ஏதோ ஒரு திருமணம் நடந்த இணைகளைப் பற்றி. எந்தச் சடங்கும் இல்லாமல் வாழ்ந்தவர்களின் பிள்ளை, பெற்றோர் நெடுங்காலம் கணவன் மனைவி போல் வாழ்ந்தார்கள் என்ற அனுமானத்தைப் பிடித்துத்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. பெற்றோர் எடுத்த முடிவுக்கான சான்றைத் தேடி ஒரு பிள்ளையை நீதிமன்றத்துக்கு அலைய விடுவதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

மணப்பதாகச் சொன்ன வாக்கு

பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் மணப்பதாக வாக்குக் கொடுத்து உடலுறவு கொள்வதைத் தனிக் குற்றமாக்கியது. வாக்கு கொடுக்கும்போதே பொய்யாகக் கொடுத்ததும், உண்மையாகக் கொடுத்து பின்னால் நிறைவேற்ற முடியாமல் போனதும் வேறுவேறு என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. முன்னது குற்றம், பின்னது முறிந்த உறவு. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தபின் வரும் புகார்களில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். கைவிடப்பட்ட பெண்ணுக்கு வீடும் பணமும் பெற நேரான உரிமையியல் வழி இல்லாதபோது, கையில் கிடைக்கும் ஒரே கதவாகக் குற்றவியல் புகார் மாறிவிடுவது இயல்பு. அந்தக் கதவு அவருக்குத் தேவையான வாடகையையோ பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையோ தருவதில்லை.

உத்தராகண்டின் பதிவுச் சட்டம்

2024 பிப்ரவரியில் நிறைவேறி 2025 ஜனவரி 27 அன்று நடைமுறைக்கு வந்த உத்தராகண்ட் பொது சிவில் சட்டம், இதுவரை பார்த்த சான்றுச் சிக்கலுக்கு விடை சொல்வதுபோல் தோன்றுகிறது. அங்கே சேர்ந்து வாழும் ஆணும் பெண்ணும் பதிவாளரிடம் அறிக்கை கொடுக்க வேண்டும். பிள்ளைகள் முறையான வாரிசுகள். கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கேட்கலாம். இந்த இரண்டும் உண்மையான முன்னேற்றங்கள்.

மறுபுறம் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சட்டம் இயற்றப்பட்டபோது அதில் இருந்தவை இவை:

1. ஒரு மாதத்துக்குமேல் பதிவு செய்யாமல் வாழ்ந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
2. அறிவிப்பு அனுப்பியும் பதிவு செய்யாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை.
3. பதிவு விவரம் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போகும்.
4. இருவரில் ஒருவர் 21 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோருக்குத் தகவல் தரப்படும்.

சாதி மாறியோ மதம் மாறியோ காதலித்து வீட்டைவிட்டு வந்த 20 வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வேண்டியது, தேவைப்படும்போது எடுத்துக் காட்ட ஒரு சான்று. கிடைப்பதோ, தப்பி வந்த வீட்டுக்கே முகவரி சொல்லும் ஒரு கடிதம். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 30 நாள் பகிரங்க அறிவிப்பு கலப்புமண இணைகளை எப்படி ஆபத்தில் தள்ளியது என்று நாம் அறிவோம். அதே தவறு இங்கே தண்டனையோடு சேர்ந்து வந்திருக்கிறது.

இதற்கு வேறு வழிகள் இல்லாமல் இல்லை. பிரான்ஸ் 1999இல் கொண்டுவந்த குடிமை இணை ஒப்பந்தம் விரும்பியவர்கள் மட்டும் பதிந்துகொள்வது. பதியாதவருக்குத் தண்டனை கிடையாது. ஆஸ்திரேலியாவில் பொதுவாக இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்தவர்கள், எதையும் பதியாமலே, பிரியும்போது சொத்துப் பங்கீடு கேட்டுக் குடும்ப நீதிமன்றம் போகலாம். முதல் வழி விருப்பத்தை மதிக்கிறது, ஆனால் பதியாத ஏழையைக் கைவிடுகிறது. இரண்டாவது அவரைக் காப்பாற்றுகிறது, ஆனால் சட்டமே வேண்டாம் என்று விலகி வாழ்ந்தவர்களையும் உள்ளே இழுக்கிறது. இந்தியாவில் வருமான வேறுபாடும் சான்றில்லாமையும் இவ்வளவு இருக்கும்போது, விருப்பப் பதிவும் பிரியும்போது குறைந்தபட்சப் பாதுகாப்பும் சேர்ந்த வழியே பொருந்தும் என்பது என் நிலைப்பாடு.

திருமணத்தின் பொருள் எங்கே நகர்கிறது?

சேர்ந்து வாழ்வது நகரத்து வசதிக்காரர்களின் புதுப்பழக்கம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஜார்க்கண்ட் பழங்குடி ஊர்களில் "துக்கு" என்ற வழக்கம் உண்டு. ஊருக்கே விருந்து வைக்கப் பணம் இல்லாததால், மணச்சடங்கைத் தள்ளிப்போட்டுவிட்டு இணைகள் பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்கிறார்கள். சடங்கு நடக்கும்வரை பெண்ணுக்குச் சொத்திலும் ஊர்ச் சபையிலும் மதிப்புக் குறைவு. திருமணம் அங்கே கைக்கு எட்டாத செலவு.

சட்டத்தின் சொற்களோ மெல்ல நகர்கின்றன. 2021இல் கருக்கலைப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, "மணமான பெண் அல்லது அவர் கணவர்" என்றிருந்த இடம் "பெண் அல்லது அவர் துணைவர்" என்றானது. 20 முதல் 24 வாரம் வரையான கருவைக் கலைக்கும் உரிமை மணமாகாத பெண்ணுக்கும் உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. முன்பெல்லாம் திருமணம் என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்திருந்தவை, அதாவது உடலுறவு, குடியிருப்பு, பராமரிப்பு, பிள்ளை, வாரிசு ஆகியவை, ஒவ்வொன்றாக அவிழ்க்கப்படுகின்றன. முதல் மூன்றும் கணிசமாக வெளியே வந்துவிட்டன. பிள்ளை பாதி தூரம் வந்திருக்கிறது. வாரிசுரிமை மட்டும் அசையாமல் உள்ளேயே இருக்கிறது. சொத்து இருக்கும் இடத்தில் சட்டம் மிக மெதுவாக நகர்வதில் வியப்பில்லை.

ஒருபாலின இணைகளுக்கு மூட்டையே மூடியிருக்கிறது. மணம் செய்துகொள்வது நிபந்தனையற்ற அடிப்படை உரிமை ஆகாது என்று 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அரசியல் சாசன அமர்வு கூறியது. குடிமை இணைப்பு உரிமையையும் மூவர் பெரும்பான்மை ஏற்கவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியில்லை, தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்து சட்டத்தில் நிலைபெற்றுவிட்டது என்று எழுதியது. மணக்க விரும்பாமல் சேர்ந்து வாழ்பவர்களும், மணக்க அனுமதியில்லாமல் சேர்ந்து வாழ்பவர்களும் சான்று கேட்டு ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இன்றைய நிலையில் எழுதிவைக்கக்கூடியவை

1. உயில்: இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமில்லை. பதிந்தால் பின்னால் தகராறு குறையும். இஸ்லாமியர் மட்டும், வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயில் எழுத முடியாது.

2. வீடு: வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். வாங்கினால் யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

3. பணம்: கூட்டுக் கணக்கு என்றால் "இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்" என்ற வகையில் தொடங்குங்கள். நாமினி நியமனத்தோடு உயிலிலும் அதே பெயர் இருக்க வேண்டும்.

4. மருத்துவமனை: அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்திட "சொந்தக்காரர் யார்" என்று கேட்கும் நேரத்தில்தான் பல இணைகள் முதல் முறையாகச் சட்டத்தை உணர்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு அழகான தீர்வு ஒன்றை வைத்திருக்கிறது. வயது வந்த எவரும், தனக்காகப் பேசும் பிரதிநிதியாக வயது வந்த இன்னொருவரை நியமிக்கலாம். அவர் கணவராகவோ மனைவியாகவோ இரத்த உறவாகவோ இருக்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டு, நியமிக்கப்பட்டவரின் எழுத்துச் சம்மதத்தை வாங்கினால் போதும். மனநல சிகிச்சைக்கு மட்டும் இன்று செல்லும் அந்த ஒற்றைத் தாளை எல்லா மருத்துவமனைகளுக்கும் விரிக்கப் புதிய திருமணச் சட்டம் எதுவும் தேவைப்படாது.